மொட்டை மாடியில் ஜூனிபர் போன்சாய்: நெல்லை வெயிலுக்கு ஏற்ற வேலை வரிசை

"பச்சையாகத்தானே இருக்கிறது, அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் மாசி மாதத்தில் தம் ஜூனிபரைச் சட்டியோடு தூக்கிவந்தார். அடிமரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை. காய்ந்த தேங்காய் மட்டையின் நிறம்தான் இருந்தது. மரம் செத்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும். இலைக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

விசாரித்தேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் வாங்கி, அன்று மாலைக்குள்ளேயே கிளைகளைக் கழித்து, கம்பி சுற்றி, வேரைக் குழாயடியில் கழுவி, ஆழமில்லாத தட்டில் நட்டுவிட்டார். வேரைக் கழுவியதைத் தவிர மற்ற மூன்றும் செய்ய வேண்டிய வேலைகள்தாம். ஒரே நாளில் செய்யாமல் சில வருடங்களில் பரப்பிச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் வந்த செத்த ஜூனிபர்களில் முக்கால்வாசியின் கதை இதுதான். எனவே ஜூனிபரைச் சட்டியில் குறுமரமாக வளர்க்கும் இந்தப் போன்சாய் வழிகாட்டி அழகைப் பற்றியதைவிட வரிசையைப் பற்றியது. ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேரிலும் இலையிலும் ஒரே பருவத்தில் கை வைக்கக் கூடாது. ஜூனிபர் தன் சேமிப்பில் பெரும்பகுதியை இலையில் வைத்திருக்கும் மரம். இலையைக் குறைத்தால் புது வேர் விடச் சத்து இருக்காது. வேரைக் குறைத்தால் இலைக்குத் தண்ணீர் ஏறாது. இரண்டையும் ஒருசேரக் குறைத்தால் பிழைக்க வழியே இல்லை.

1. முதலில் நாள்காட்டி

ஜூனிபர் குளிர்நாட்டு மரம். வெளிநாட்டுப் புத்தகங்கள் "வசந்த காலத்தில் சட்டி மாற்று" என்று சொல்வதை நம்பி இங்கே பங்குனியில் மாற்றினால், அடுத்த வாரமே நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில் வேரைப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் அந்த மரத்துக்கு இதமான காலம் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி முடியும் வரைதான். பங்குனி முதல் ஆவணி வரை அது பிழைத்துக் கிடக்கும் காலம். வெட்டு, வேர்வேலை எல்லாவற்றையும் மார்கழி நடுவிலிருந்து தை முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு முன் செய்தால் அடைமழையில் காயம் அழுகும். பின் செய்தால் காயம் ஆறுவதற்குள் கோடை வந்துவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலைக் கண்டு ஆனி மாதத்திலேயே வெட்டத் துணிபவர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அது நடக்காது. இங்கே நமக்கு வருவது சாரலின் காற்று மட்டும்தான்.

2. கையில் இருக்க வேண்டியவை

கூரான சிறு கத்தரி, கிளை வெட்டும் கத்தரி, கட்டிங் பிளேயர், முனை மழுங்கிய மூங்கில் குச்சி, கண் அளவு வேறுபட்ட இரண்டு சல்லடைகள், பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை. சல்லடையைத் தனியாக வாங்குங்கள். வீட்டு மாவுச் சல்லடையில் செங்கல் சலித்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கம்பி அலுமினியமாக இருக்கட்டும்: 1, 1.5, 2, 3 மில்லிமீட்டர் பருமன்களில் கொஞ்சம் கொஞ்சம். கட்டடத்துக் கட்டுக்கம்பியைப் புதியவர்கள் ஆசையோடு எடுப்பார்கள், விலை மலிவு என்பதால். அது மெல்லியது. கிளையை நிறுத்தும் வலு வேண்டி இறுக்கிச் சுற்றும்போது பட்டையை அறுத்துவிடும்; மழையில் துருவும் பிடிக்கும்.

வளர்ப்புச் சட்டிக்குக் காருகுறிச்சி மண்சட்டியே போதும்: வாய் அகன்றதாக, ஆறேழு அங்குல ஆழத்தில். அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். ஒற்றைத் துளை இருந்தால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் துளையிட்டால் விரிசல் விடாது. பளபளக்கும் போன்சாய் தட்டு இப்போது வேண்டாம். அது கடைசி வருடத்துக்கு.

3. நாற்றைத் தேர்ந்தெடுத்தல்

முதலில், அது ஜூனிபர்தானா? நர்சரிகளில் தூஜாவை ஜூனிபர் என்று சொல்லிக் கொடுப்பது சாதாரணம். விற்பவருக்கே வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். தூஜாவின் இலைக்கொத்து தட்டையாக, மயில் தோகையை அழுத்தி வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கும். ஜூனிபரின் இலைக்கொத்து தட்டையாக இராது. முதிர்ந்த கிளையில் செதில்கள் ஒட்டிக்கொண்டு மெல்லிய கயிறுபோல் உருண்டிருக்கும். இளங்கிளையில் குத்தும் ஊசிகளாக இருக்கும். ஒரே செடியில் இரண்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சீன ஜூனிபரின் இயல்பு அது. படர்ந்து வளரும் புரோகம்பன்ஸ் வகை பெரும்பாலும் ஊசியாகவே இருக்கும். எனக்குச் சீன வகைதான் இந்த வெயிலில் அதிகம் நிலைத்தது.

அடுத்து, மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். எல்லாரும் அடர்ந்த பச்சையைக் கண்டு மயங்குகிறார்கள். இலை வளரும்; அடிமரத்தின் பருமனும் வளைவும் வர வருடங்கள் ஆகும். பையின் மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்கி, தண்டு மண்ணுக்குள் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். நேராகக் கம்பம்போல் இறங்கினால் அடுத்ததைப் பாருங்கள்.

பிறகு உள்பக்கம். கிளைகளை விலக்கிப் பார்த்தால் தண்டுக்கு அருகில் பச்சை இருக்க வேண்டும். நுனியில் மட்டும் பச்சையும் உள்ளே மொட்டையுமாக இருந்தால் வாங்காதீர்கள். ஜூனிபர், இலை உதிர்ந்த பழைய மரத்தில் பெரும்பாலும் துளிர்க்காது. இச்சியோ ஆலோ என்றால் மொட்டையாக வெட்டினாலும் வெட்டின இடத்தில் பத்துத் துளிர் வரும். அந்தப் பழக்கத்தோடு ஜூனிபருக்கு வருபவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பென்சில் பருமனுள்ள, இரண்டு மூன்று வயது நாற்று நல்லது. அதைவிடத் தடித்தது விலையும் கூட, வளைப்பதும் கடினம்.

4. இரண்டு மாதம் சும்மா இருத்தல்

ஐப்பசியில் வாங்கிப் பொங்கல் வரை தொடாதீர்கள். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்வதில்லை.

அந்த நாற்று ஊட்டி, கொடைக்கானல் அல்லது பெங்களூருப் பக்கத்திலிருந்து லாரியில் வந்திருக்கும். நம் காற்றுக்கும் தண்ணீருக்கும் அது பழக வேண்டும். அதைவிட முக்கியம், வாங்கும்போதே அது செத்துக்கொண்டிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பச்சை மாறாமலேயே பல வாரம் இருக்கும் மரம் இது. நுனிகள் இளம்பச்சையாகப் புதிதாக நீளத் தொடங்கினால் உயிரோடு இருக்கிறது என்று பொருள். நிறம் மங்கி, தொட்டால் சாம்பல் பூத்ததுபோல் முரமுரவென்றிருந்தால் முடிந்தது.

இடம் மொட்டை மாடியில், காலை வெயில் விழும் பக்கம். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் அழகுக்காக வைத்த ஜூனிபர் எதுவும் ஓர் ஆண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வெயில் இல்லாமல் அதற்குச் சாப்பாடு இல்லை.

5. மண் கலவை

நர்சரிப் பையில் இருப்பது களிப்பான செம்மண். பையில் ஆழம் இருப்பதால் அங்கே ஓரளவு தாங்கும். அதே மண்ணை ஆழமில்லாத சட்டியில் போட்டால் அடியில் எப்போதும் சேறுதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் இன்னும் மோசம்: நனைந்தால் பசை, காய்ந்தால் பாளம்.

நான் பயன்படுத்துவது: உடைத்த நாட்டுச் செங்கல் நான்கு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. செங்கலை மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவில் உடைத்துச் சலிக்க வேண்டும். பொடியை இரக்கமில்லாமல் கொட்டிவிடுங்கள். அதை வீணாக்க மனமில்லாமல் கலப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பொடி துண்டுகளுக்கு இடையே இறங்கி அடைத்துக்கொண்டால் செங்கல் உடைத்த பாடு அத்தனையும் வீண். நாட்டுச் செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துண்டுகளுக்கு இடையே காற்றும் நிற்கும். ஜப்பானிலிருந்து வரும் விலையுயர்ந்த மண்ணுக்கு இங்கே தேவையில்லை.

சோதனை எளிது. சட்டியில் கலவையை நிரப்பி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணி முடிப்பதற்குள் மேலே நிற்கும் தண்ணீர் முழுக்க இறங்கிவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மழையில் என் மாடியில் ஒன்பது ஜூனிபர்கள் நனைந்துகொண்டு நின்றன. ஏழு செங்கல் கலவையில், இரண்டு சோம்பலில் விட்டுவைத்த பழைய செம்மண்ணில். மழை விட்ட பிறகும் அந்த இரண்டு சட்டிகளிலும் மேலே தண்ணீர் கட்டி நின்றது. தைப்பொங்கலுக்குக்கூட அவை பச்சையாகவே இருந்தன. மாசியில்தான் நிறம் போயிற்று. மற்ற ஏழும் இன்றைக்கும் இருக்கின்றன.

6. முதல் தை: வேரில் பாதி

பொங்கல் கழிந்த வாரம் இதற்கு ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், பனி இருக்கும், கோடைக்கு இரண்டு மாதம் இருக்கும். இலையை முதலில் ஒழுங்குபடுத்திவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். களிமண்ணில் வேர் மூச்சுத் திணறும் மரம் அடுத்த கோடையைத் தாண்டுவது சந்தேகம். ஆகவே வேர் முதலில். அதற்கு இலை முழுவதும் தேவை.

இரண்டு நாளைக்கு முன்பே தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். சேறாக இருந்தால் மண்ணோடு வேரும் பிய்ந்துவரும். பையைக் கத்தியால் கிழித்து மண்கட்டியைச் சாய்த்து வையுங்கள். அடியில் பாய் பின்னியதுபோல் சுருண்டு கிடக்கும் வேரை ஓர் அங்குலம் வெட்டிவிடலாம்.

இப்போது தண்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் மட்டும் வேலை. இடப்பக்கத்தை ஒரு ஈரத் துணியால் மூடிவிடுங்கள், கை அந்தப் பக்கம் போகாமலிருக்க. மூங்கில் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி அல்ல, தண்டிலிருந்து வெளிநோக்கிச் சீவ வேண்டும், சிக்கெடுக்கிற மாதிரி. களிமண் சிறு சிறு துண்டாக உதிரும். மெல்லிய வேர்கள் தெரியத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். வெயிலில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் சீவி முடிக்கும்போது வேர்நுனிகள் காய்ந்து நூலாகிவிட்டிருந்தன.

தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் வேர் தெரிந்தால் வெட்டுங்கள். பின்னாளில் அது தண்டையே நெரிக்கும். நேர் கீழே இறங்கும் தடித்த வேரையும் குறைக்கலாம், பக்கத்தில் மெல்லிய வேர் போதுமான அளவு இருந்தால் மட்டும். இடப்பக்கத்துப் பழைய மண் அப்படியே இருக்கட்டும். புதுப் பக்கம் பிடிக்கும் வரை மரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அதுதான்.

சட்டித் துளைகளில் பிளாஸ்டிக் வலை வைத்து, கம்பியை அடியிலிருந்து துளை வழியாக மேலே இழுத்துவிட்டு, கலவையைக் குவித்து மரத்தை அமர்த்துங்கள். அந்தக் கம்பியால் வேர்க்கட்டியைச் சட்டியோடு இறுக்கிக் கட்ட வேண்டும். பலர் இதைத் தேவையற்ற வேலை என்று நினைக்கிறார்கள். மரம் ஆடினால் புதிதாக விடும் வேர்நுனி ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். மூங்கில் குச்சியால் குத்திக் குத்திக் கலவையை வேர்களுக்கிடையே இறக்குங்கள். கையால் அழுத்தாதீர்கள். அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும் வரை ஊற்றுங்கள்.

இரண்டு வாரம் காலை வெயில் மட்டும். ஆறு வாரம் உரம் எதுவும் வேண்டாம்.

7. முதல் கோடை

நம் ஊர் ஜூனிபருக்கு இதுதான் உண்மையான தேர்வு.

வெயிலைவிடத் தரைதான் கொல்லும். சித்திரையில் மாடித் தளம் காலை வைக்க முடியாமல் சுடும். அதன்மேல் நேராக வைத்த சட்டியில் வேர் வெந்துபோகும். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். பங்குனி முதல் ஆனி வரை பதினொரு மணிக்குப் பிந்திய வெயிலை நிழல்வலையால் பாதியாக்குங்கள். கத்திரி வெயில் நாட்களில் சட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு சுற்றிவைப்பேன்.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றக் கூடாது. விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டால் சில்லென்று இருந்தால் வேண்டாம். காயத் தொடங்கியிருந்தால் ஊற்றலாம். கோடையில் காலை ஒன்றும் மாலை ஒன்றுமாக இரண்டு முறை தேவைப்படும். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூடத் தேவைப்படாது. ஊற்றும்போது ஒருமுறை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். முதல் தண்ணீர் செங்கலை நனைக்கும், இரண்டாவது வேருக்குப் போகும்.

மாலை நான்கு மணிக்கு ரப்பர் குழாயைத் திறந்ததும் வருவது வெந்நீர். அதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் மரத்தின் மேல் பீய்ச்சியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். சூடு தணியும் வரை வாளியில் விட்டுவிடுங்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் சட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். அந்தப் படிவு வேரிலும் சேர்கிறது. மாதம் ஒருமுறையாவது சேமித்த மழைத்தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி இறக்குங்கள்.

வெயில் தணிந்ததும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தச் சட்டிகளுக்காகவே சொன்னது போலிருக்கும். மேற்குக் கணவாய்கள் வழியாக வரும் அந்தக் காற்று மழையைத் தராமல் ஈரத்தை மட்டும் உறிஞ்சிப்போகும். சட்டியைப் பலகையோடு கட்டுங்கள், மேற்குச் சுவர் மறைவுக்கு நகர்த்துங்கள். வெயில் குறைந்துவிட்டதே என்று இந்த மாதத்தில் தண்ணீரைக் குறைப்பதுதான் வழக்கமான தவறு.

காய்ந்த காற்றோடு சிவப்புச் சிலந்தியும் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால், விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுந்தால், சிலந்திதான். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுத் திரவச் சோப்பு கலந்து, வெயில் இறங்கிய பிறகு மட்டும் தெளியுங்கள். எண்ணெய் பூசிய இலை மேல் வெயில் பட்டால் கருகும்.

உள்பக்கத்துப் பழைய இலை கொஞ்சம் பழுத்து உதிர்வது இயல்பு. அதற்காக மருந்தைத் தேடி ஓட வேண்டாம். நுனியிலிருந்து உள்நோக்கிப் பழுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

8. வெட்டு: இரண்டாம் வருடம்

ஒரு முழு ஆண்டு மரம் தன் விருப்பம்போல் வளரட்டும். பறட்டைத் தலையாகத் தெரியும், தெரியட்டும். அந்த நுனிகள் நீள நீளத்தான் புதுப் பக்கத்து வேர் நிறைகிறது. மாதம் இருமுறை ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றலாம். வாடை அடுத்த வீடு வரை போகும்; முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது மார்கழியில் கத்தரியை எடுக்கலாம். வெட்டுவதற்கு முன் மரத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து ஒரு வாரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அடிவேர் எந்தப் பக்கம் நன்றாக விரிகிறதோ, முதல் வளைவு எங்கே தெரிகிறதோ அதுவே முகப்பு. முகப்பைத் தீர்மானிக்காமல் வெட்டியவர்கள் பிறகு வருத்தப்படுவது எப்போதும் ஒரே கிளைக்காக: வெட்டிவிட்ட கீழ்க்கிளை.

பிறகு இந்த வரிசை. முதலில் காய்ந்தது. அடுத்து, கிளையின் அடியில் தொங்கும் சிறு கொத்துகள்; வெளிச்சம் படாமல் அவை தாமாகவே சாகப்போகிறவை. அடுத்து, கவட்டில் முளைத்தவை. கடைசியாக, ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளை வந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குப் பச்சைக்கு மேல் போகக் கூடாது. நிறுத்துவதற்கு அடையாளம் வேண்டுமென்றால், வெட்டியதை ஒரு தட்டில் சேர்த்துவையுங்கள். குவியலைப் பார்த்தால் கை தானாக நிற்கும்.

நுனிகளை வேலிச்செடிபோல் மட்டமாகக் கத்தரிக்காதீர்கள். வெட்டுப்பட்ட செதில்நுனி பழுக்கும். மிரண்ட மரம் மறுபடி குத்தும் ஊசியிலையை விடும். நீண்ட குருத்தை அது பிரியும் இடம் வரை பின்தொடர்ந்து போய், அங்கே மரத்தண்டில் வெட்டுங்கள். எந்தக் கிளையிலும் கொஞ்சமாவது பச்சை மிஞ்ச வேண்டும். பச்சை முழுக்கப் போன கிளை செத்த கிளை.

வேண்டாத கிளையை அடியோடு வெட்ட அவசரப்பட வேண்டாம். ஓர் அங்குலம் விட்டு வெட்டி, பட்டையைப் பிளேயரால் நெரித்து உரித்தால் வெள்ளெலும்பு போன்ற காய்ந்த குச்சி கிடைக்கும். போன்சாய்க்காரர்கள் ஜின் என்பது இதைத்தான். இள மரத்தில் இரண்டு மூன்று போதும். தண்டிலேயே பட்டையை உரிக்கும் வேலை இந்த வயதில் வேண்டாம்.

9. நேர்ந்துவிட்ட கிடா

எல்லாக் கிளையையும் அளவாக வைத்தால் தண்டு தடிக்காது. எனவே கீழ்ப்பகுதியில், பின்பக்கமாக உள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதில் கத்தரியே வைக்காமல் விட்டுவிட வேண்டும். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் கட்டுவதில்லை, அடிப்பதில்லை. ஊரெல்லாம் மேய்ந்து கொழுக்கும், கொடை அன்றைக்குத்தான் கணக்கு. இந்தக் கிளையும் அப்படித்தான். அது நீண்டு வளர வளர அதற்குக் கீழுள்ள தண்டு தடிக்கும். பென்சில் பருமன் கட்டைவிரல் பருமனாக எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

இரண்டு கவனம். அந்தக் கிளை மேலே ஏறி மற்ற கிளைகளின் வெளிச்சத்தை மறைக்க விடாதீர்கள்; கம்பி கட்டிப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஆசைப்பட்டு அதை அழகாக்கத் தொடங்காதீர்கள். போகப்போகிற கிளை அது.

10. கம்பி

வெட்டிய அதே மார்கழி, தையில் கம்பியும் சுற்றலாம், வேரைத் தொடாத வருடம் என்பதால். முந்தின நாள் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். நீர் நிறைந்த கிளை வெடுக்கென்று முறியும், சற்றுத் தளர்ந்த கிளை வளையும்.

கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. தண்டுக்கென்றால் கம்பியின் முனையைப் பின்பக்கம் மண்ணுக்குள் ஆழக் குத்தி நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். கிளைக்கென்றால் ஒரே கம்பியால் இரண்டு கிளைகளை இணைத்து, நடுவில் தண்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஒன்றுக்கொன்று பிடிமானம். சுற்று நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில், பட்டையைத் தொட்டுக்கொண்டு, ஆனால் அழுத்தாமல் போக வேண்டும். நெருக்கமாகச் சுருள்போல் சுற்றினால் வலுவில்லை. இடைவெளி விட்டுத் தொளதொளவென்று சுற்றினால் வளைக்கும் இடத்தில் கிளை தனியே முறியும். இலைக்கொத்து கம்பிக்கு அடியில் மாட்டாமல் விலக்கிக்கொண்டே போங்கள்.

வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். முறிவு தொடங்குவது அங்கேதான். தடித்த தண்டு என்றால் முதலில் ஊறவைத்த வாழைநாரை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கம்பி. பூக்கட்டும் நார் போதும். இரு கட்டைவிரலையும் வளைவின் உள்பக்கம் முட்டுக்கொடுத்து, மெதுவாக. காதைக் கிளைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே கிளை முனகும். அந்த ஒலி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மீதி வளைவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வளைவை மண்ணிலிருந்தே தொடங்குங்கள். பாதி உயரம் நேராக விட்டு மேலே மட்டும் பாம்பாக நெளித்த மரங்களை நிறையப் பார்க்கிறேன். அந்த நேர்த்தண்டைப் பிற்பாடு யாராலும் திருத்த முடியாது. வளைவு இடம் வலம் மட்டுமல்ல, முன்னும் பின்னுமாகவும் போக வேண்டும். முகப்பிலிருந்து பார்த்து மட்டும் வளைத்தால் பக்கவாட்டில் அது தட்டையான பலகை.

நம் ஊரில் உறங்கும் காலம் என்று தனியாகக் கிடையாது, கிளை தடித்துக்கொண்டே இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கம்பி பட்டையில் புதையத் தொடங்கினால், கிளை நிலைக்காவிட்டாலும் எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். எடுக்கும்போது கம்பியைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்காதீர்கள். சுற்றுக்கு ஒரு வெட்டாகப் பிளேயரால் துண்டித்து எடுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்த இருபது ரூபாய்க் கம்பிக்காக இரண்டு வருடக் கிளையை ஒடித்திருக்கிறேன்.

11. மறுபாதியும் தட்டும்

மூன்றாம் தையில், இலையைத் தொடாமல், வேரின் இடப்பாதிக் களிமண்ணை அதே முறையில் எடுங்கள். நான்காம் வருடம் கத்தரிக்கும் கம்பிக்கும் உரியது. தண்டு போதும் என்று தோன்றும் வருடத்தில் நேர்ந்துவிட்ட கிளையை ஒரே வெட்டில் எடுக்காமல், முதல் மார்கழியில் பாதிப் பச்சையைக் குறைத்து, அடுத்த மார்கழியில் முழுக்க எடுத்து, அடிக்கட்டையை ஜின்னாக்குங்கள். திடீரென்று எடுத்தால் அதனிடமிருந்து உணவு பெற்ற வேர்ப்பகுதி பட்டுப்போகும்.

அதற்கு அடுத்த வருடத்துத் தையில் போன்சாய் தட்டு. தட்டின் ஆழம் அடிமரத்தின் பருமன் அளவுக்கு இருக்கலாம் என்பது பொது வழக்கு. நெல்லை வெயிலுக்கு நான் அதைவிட அரை அங்குலம் கூட்டியே எடுப்பேன். ஆழமில்லாத தட்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும், நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். நிறம் சுட்ட மண் நிறமோ காப்பிப்பொடி நிறமோ போதும்; நீலத் தட்டில் ஜூனிபரின் பச்சை எடுபடாது.

தட்டுக்கு மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குதான் போகலாம். கம்பியால் மரத்தைத் தட்டோடு கட்டி, இரண்டு வாரம் காலை வெயில், பிறகு வழக்கமான இடம். பங்குனி பிறந்ததும் நிழல்வலைக்கு அடியில் மேற்குச் சுவர் ஓரமாக நகர்த்திப் பலகையோடு கட்டிவையுங்கள். ஆடிக் காற்று ஓயும் வரை கத்தரியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.